பெயின்ட் வேண்டாம், ஃபைலை எடுங்கள்

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தோப்பு வீட்டில் இருக்கிறேன், வயது 64. என் கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய 1983 மாடல் மெர்சிடஸ் பென்ஸ் 300டி கார் ஷெட்டில் நிற்கிறது. டெல்லியில் ஒரு தூதரகத்தில் ஓடிய வண்டி. 1988-ல் எஸ்.டி.சி. என்ற மத்திய அரசின் வர்த்தக நிறுவனம் மூலமாக வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பில் ஒன்றைக்கூட அவர் தொலைத்ததில்லை. இருபது வருடமாக ஒரே மெக்கானிக், பாய்தான் பார்க்கிறார். ஆர்.சி. 2028 வரை இருக்கிறது, என் கணவர் பெயரிலேயே. மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், அவனுக்கு வண்டி வேண்டாம். புரோக்கர் 4 லட்சம் என்கிறார். மகன் இணையத்தில் 18 லட்சம் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அவசரப்படாதே என்கிறான். முழுசாகப் பெயின்ட் அடித்தால் விலை ஏறும் என்று டிங்கரிங் கடையில் ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். சாவியைத் திருப்பி அணைத்தாலும் எஞ்சின் பத்து விநாடி ஓடித்தான் நிற்கிறது. எஞ்சின் வேலை இருக்கிறது என்று புரோக்கர் அதற்கே ஒரு லட்சம் குறைத்துவிட்டார். டெல்லியிலிருந்து ஒருவர் பேசி, உடனே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். 15 வருடம் தாண்டிய வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது விலை இல்லை. சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் ஓடுகிறது என்ற அந்த வரிதான். உங்களிடம் ஒரு லட்சம் பிடித்தது அதற்காகத்தான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் கரண்ட் போய்விடும், எஞ்சின் நின்றுவிடும். உங்கள் 300டி அப்படி இல்லை. அது பழைய கால டீசல், ஓடிக்கொண்டிருப்பதற்கு அதற்குக் கரண்டே தேவையில்லை. நிறுத்த வேண்டுமென்றால் டீசலை அடைக்க வேண்டும். அதை அடைப்பது காற்றை உறிஞ்சும் ஒரு சின்ன வேக்குவம் ஏற்பாடு. எஞ்சினோடு சேர்ந்து ஒரு பம்ப் ஓடும். அதிலிருந்து பிளாஸ்டிக் குழாய்கள் கிளம்பி, ஒன்று பிரேக்குக்கும், ஒன்று கதவுகளின் சென்ட்ரல் லாக்குக்கும், ஒன்று இந்த அடைப்பானுக்கும் போகும். நாற்பது வருடத்தில் எங்கேயோ ஒரு ரப்பர் இணைப்பு வெடித்திருக்கும். பின் கதவு லாக்கில் கசிந்தால்கூட எஞ்சின் நிற்க நேரம் எடுக்கும். இந்த மாடலை ஓட்டிய எல்லோரும் ஒரு நாளாவது இதைப் பார்த்திருப்பார்கள். பானட்டைத் திறந்தால் எஞ்சின் மேலேயே 'ஸ்டாப்' என்று எழுதிய ஒரு நெம்புகோல் இருக்கும். சாவிக்கு நிற்காவிட்டால் அழுத்தி நிறுத்திக்கொள்ளட்டும் என்று கம்பெனிக்காரனே வைத்து அனுப்பியது. பாயைக் கூப்பிட்டு, வேக்குவம் லைன் கசிகிறது, ரப்பரை மாற்றுங்கள் என்று சொல்லுங்கள். அநேகமாகச் சில நூறு ரூபாயில் முடியும். பில் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது. பழைய வண்டி வியாபாரத்தில் விளக்கம் இல்லாத ஒவ்வொரு சத்தத்துக்கும் விற்பவர்தான் காசு கொடுக்க வேண்டும். அந்த விளக்கமெல்லாம் உங்களிடம் இருக்கிறது, பில்லாகவும் பாயாகவும். அதனால் பெயின்டுக்கு என்று ஒரு ரூபாய் எடுக்காதீர்கள். ஒன்றே முக்கால் லட்சம் பாங்கிலேயே இருக்கட்டும்.

பெயின்ட் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மாடலை 1976-லிருந்து பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 27 லட்சம் வண்டி செய்தார்கள். ஜெர்மனியில் டாக்சியாக ஓடிய கார் இது. அபூர்வம் என்று சொல்லி இதை விற்க முடியாது. இதற்கு விலை வருவது கெடாமல் இருப்பதற்குத்தான். விவரம் தெரிந்த ஆள் வந்தால் மேலே பளபளப்பைப் பார்க்க மாட்டார். குனிந்து ஜாக்கி போடும் இடத்தைத் தட்டிப் பார்ப்பார். டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி குழிக்குள் கையை விடுவார். பேட்டரிக்கு அடியில் டார்ச் அடிப்பார். முன் கண்ணாடி ரப்பரின் ஓரத்தை நகத்தால் நெம்புவார். துரு பிடிக்கும் இடங்கள் இவைதான். அங்கெல்லாம் புதுப் பெயின்ட் இருந்தால் உள்ளே எவ்வளவு பட்டி பார்த்திருக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் வரும். இப்போது பெயின்ட் கனம் அளக்கும் சின்ன மீட்டரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். உங்கள் கணவர் காலத்துப் பெயின்டில் நாலு கீறல் இருந்தால் இருக்கட்டும். அது கீழே இருக்கும் தகட்டுக்குச் சாட்சி. தண்ணீர் விட்டுக் கழுவி, மெழுகு போட்டால் போதும். பானட்டுக்குள் பிரஷர் வாட்டர் அடிக்க வேண்டாம். எண்ணெய்க் கசிவை மறைக்கக் கழுவியதாக நினைப்பார்கள், பழைய வயரிங்கில் தண்ணீர் இறங்கினால் புதுத் தொந்தரவும் வரும்.

அடுத்து எஞ்சின். நம் ஊரில் பழைய பென்ஸ் பார்க்க வருபவர் பானட்டைத் திறந்ததும் டீசல் பைப்பை எண்ணுவார். உங்கள் வண்டிக்கு ஐந்து இருக்க வேண்டும். இது மூன்று லிட்டர், ஐந்து சிலிண்டர் எஞ்சின். நாலு இருந்தால் ஆள் மாறிவிட்டது என்று அர்த்தம். மெர்சிடஸின் நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினை லைசென்ஸ் வாங்கி இங்கேயே பஜாஜ் டெம்போவில் செய்தார்கள், டிராக்ஸ், டிராவலர் வண்டிகளில் எல்லாம் ஓடியது. ஒரிஜினல் எஞ்சின் போனதும் அதைத் தூக்கிப் போட்டு ஓட்டிய பென்ஸ்கள் நிறைய. ஓட்டுவதற்கு அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் சேகரிப்பவர் அதற்குப் பணம் தர மாட்டார். உங்கள் எஞ்சின் நம்பர் 617912 என்று தொடங்கினால் அது இந்த வண்டியின் இனத்து எஞ்சின்தான். சேஸ் நம்பர் டபிள்யூ.டி.பி. 123130 என்று தொடங்கும். இரண்டையும் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புக்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றியபோது ஒரு இலக்கம் விட்டுப்போன வண்டிகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். திருத்துவதாக இருந்தால் வாங்குபவர் வருவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும். அட்வான்ஸ் வாங்கிய பிறகு இந்தத் தப்பு தெரிந்தால் நீங்களே ஏதோ மறைத்த மாதிரி ஆகிவிடும்.

வண்டி பார்க்க ஆள் வருகிறார் என்றால் காலையில் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள். நல்லெண்ணத்தில்தான் பலரும் செய்கிறார்கள். ஆனால் வருகிறவர் கை முதலில் பானட் மேல்தான் போகும். சூடாக இருந்தால், ஆறின எஞ்சின் செல்ஃப் எடுக்காதோ என்று நினைத்துக்கொள்வார். குளிர்ந்த வண்டியில், அவர் கண்ணெதிரே, ஹீட்டர் பிளக்கின் மஞ்சள் விளக்கு அணையும் வரை பாய் பொறுத்திருந்து ஸ்டார்ட் செய்யட்டும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து போனால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால்தான் கவலை. பிறகு அனுபவஸ்தர் ஒருவர் வந்திருந்தால் எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, எடுக்காமல் அப்படியே மேலே வைத்துப் பார்ப்பார். மூடி லேசாக ஆடினால் சரி. துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. இந்தச் சோதனையை இன்றைக்கே பாயை விட்டுச் செய்து பார்த்துவிடுங்கள். விடை உங்களுக்கு முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

கிலோமீட்டர் பற்றி நீங்கள் எழுதவில்லை. இந்த மாடலில் ஓடோமீட்டர் பல் சக்கரம் வழுக்கி நின்றுவிடுவது சகஜம். உங்களுடையது எப்போதாவது நின்று, சரிசெய்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அதிகம் ஓடியிருக்கிறது என்று யாராவது மூக்கைச் சுளித்தால் ஒன்று சொல்லலாம்: இதற்கு முந்தைய மாடல் 240டி ஒன்றை கிரீஸில் ஒரு டாக்சிக்காரர் 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார், அந்த வண்டியை மெர்சிடஸ் தன் மியூசியத்தில் வைத்தது.

இனி காகிதம். இங்கேதான் நிஜமான வேலை இருக்கிறது.

உடைக்க வேண்டும் என்பது வதந்தி. தனியார் கார் 15 வருடம் முடிந்தால் சோதனைக்குக் காட்டி, ஆர்.சி.யை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் செய்ததும் அதுதான். அதே சமயம் சிலர் சொல்கிற மாதிரி இது வின்டேஜ் வண்டியும் இல்லை. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்ட வேண்டும், அதற்கு 2033 வரை பொறுக்க வேண்டும். இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு புதுப்பிக்கும் கட்டணத்தை ஏற்றிவிட்டது. 20 வருடம் தாண்டிய சாதாரண காருக்கு 10,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 80,000. உங்களுடையது இறக்குமதி. 2028-ல் அதைக் கட்டப்போவது வாங்குபவர். பேரத்தில் அவர் இதை எடுப்பார், நீங்கள் அதிர்ச்சி அடையாமல் இருக்கத்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

ஆர்.சி. மறைந்தவர் பெயரில் இருக்கும்வரை வண்டியை விற்க உங்களுக்கு வழி இல்லை. முதலில் உங்கள் பெயருக்கு மாற வேண்டும், அதற்கு ஃபார்ம் 31. இறப்புச் சான்றிதழும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், பின்னதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். மகன் அங்கேயே இந்தியத் தூதரக அலுவலகத்தில் கையெழுத்தைச் சான்று செய்து அனுப்பலாம். மாமியார் இருக்கிறாரா? இருந்தால் அவரும் சட்டப்படி வாரிசு, பலர் இதை மறந்துவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து திரும்பி வருகிறார்கள். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய மாற்றம் இது. தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். இன்சூரன்ஸையும் கையோடு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்.

புரோக்கர் உங்களிடம் இன்னும் சொல்லாமல் இருந்தால் சீக்கிரம் சொல்வார்: இவ்வளவு அலைச்சல் எதற்கும்மா, ஐயா கையெழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கொடுத்துவிடுங்கள் என்று. அது பொய்க் கையெழுத்து, கிரிமினல் குற்றம். மாட்டினால் நிற்கப்போவது நீங்கள். இன்னொன்றும் சொல்வார்: உங்கள் பெயருக்கு மாறியதும் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், பார்ட்டி கிடைத்ததும் நேம் டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கொள்கிறோம் என்று. இதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்த பத்மினி காரை அப்படித்தான் கொடுத்தேன். நாலு வருடம் கழித்துப் பாலக்காட்டிலிருந்து போலீஸ் போன். என் பெயரில் உள்ள வண்டி ஒரு பெரியவரை இடித்துவிட்டுப் போயிருக்கிறது. நடுவில் மூன்று கை மாறியிருந்தது, ஆர்.சி.யில் மட்டும் நான். அந்தப் பெரியவர் பிழைத்தார் என்பதால் என் கதை பத்து மாத அலைச்சலோடு முடிந்தது. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்.

டெல்லிக்காரர் விஷயம் சுருக்கமாக. 10 வருடம் தாண்டிய டீசல் வண்டி டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதன்படி உத்தரவிட்டது. அதன் பிறகு சில தளர்வுகள், திரும்ப மாற்றங்கள் என்று போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வண்டியை அங்கே அவர் பெயரில் பதிய முடியும் என்று நான் நம்பவில்லை. பதியாவிட்டால் வண்டி அங்கே, பெயர் இங்கே. நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பொள்ளாச்சியிலிருந்து எல்லையைத் தாண்டினால் கேரளா. பழைய பென்ஸ் டீசலுக்கு அங்கே பித்துப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். மலையாளிகள் பேரம் பேசுவார்கள், ஆனால் வண்டி தெரிந்து பேசுவார்கள். வேற்று மாநிலம் என்பதால் ஃபார்ம் 28-ல் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரியான இடங்களில் யார் காது வழியாகவாவது செய்தி போனாலும் நல்லது. அங்கே வருபவர்களுக்கு உங்கள் ஃபைலின் அருமை தெரியும்.

அந்த ஃபைலை ஒரு மாலை உட்கார்ந்து வருட வாரியாக அடுக்குங்கள். மேலே எஸ்.டி.சி. காகிதமும் சுங்கக் காகிதமும். இவை இருந்தால் இது முறையாக வந்த வண்டி என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம், இறக்குமதி கார் வாங்குபவரின் முதல் பயமே அதுதான். பிறகு பில்கள். டிக்கியில் ஒரிஜினல் டூல் பை, மேனுவல் புத்தகம், இரண்டாவது சாவி, பழைய ரேடியோ எதையாவது உங்கள் கணவர் கழற்றி எடுத்து வைத்திருந்தால் தேடி எடுங்கள். வண்டியின் கலரிலேயே பெயின்ட் அடித்த வீல் கப் நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாவது ஒன்று பரணில் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன், பில்லைத் தொலைக்காத மனுஷர்கள் இப்படித்தான்.

இனி விலை. வண்டியைப் பார்க்காமல் நான் தொகை சொல்ல மாட்டேன், சொல்பவரை நம்பவும் வேண்டாம். ஆனால் இரண்டு தொகையுமே தப்பு. நாலு லட்சம், எஞ்சின் பழுது என்று உங்களை நம்பவைத்து, பெயர் மாற்றும் அலைச்சலையும் பயமுறுத்திக் காட்டி வந்த விலை. 18 லட்சம், யாரோ கேட்கும் விலை. அந்த விளம்பரத்தை மகன் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்கட்டும், மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கட்டும். அதே விலையில் அங்கேயே இருந்தால் அது விற்காத விலை. லைசென்ஸ் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்து மூலமாக ஒரு மதிப்பு வாங்குங்கள், புரோக்கர் சிபாரிசு செய்யும் ஆள் மட்டும் வேண்டாம். இதற்குக் கீழே கொடுப்பதில்லை என்று ஒரு தொகையை உங்களுக்குள் முடிவு செய்து, பாயிடம்கூடச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலை அதைவிடப் பத்து, பதினைந்து சதவீதம் மேலே இருக்கட்டும். உங்கள் கணவர் செலவு செய்ததெல்லாம் திரும்ப வராது, அதை எதிர்பார்த்தால் வண்டி ஷெட்டிலேயே நிற்கும். நிற்கிற வண்டி கெடும். விற்கும்வரை வாரம் ஒரு முறை பாய் இருபது கிலோமீட்டர் ஓட்டட்டும், சும்மா ஸ்டார்ட் செய்து அணைப்பது போதாது.

ஓட்டிப் பார்க்க யார் கேட்டாலும் பாய் கூட உட்கார வேண்டும், ஓட்டுபவரின் லைசென்ஸை போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

பணம் பாங்க் வழியாக. பாதி கறுப்பில், பாதி செக்கில் என்று ஆரம்பித்தால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் வருமான வரித் துறை அபராதமாகக் கேட்கலாம். சொந்தத்துக்கு ஓட்டிய கார் என்பதால் விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆக, மறைக்க உங்களுக்கு எந்தத் தேவையும் இல்லை. கணக்கில் பணம் விழுந்ததை பாங்கிலேயே கேட்டு உறுதி செய்த பிறகுதான் சாவி. போனில் காட்டும் குறுஞ்செய்தி கணக்கில் சேராது.

கொடுக்கும் நாளில் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், ஆதார் நகலும் சேர்த்து. அன்று சாயங்காலம் அவர் சிக்னலைத் தாண்டினாலும் உங்களுக்கு அபராதம் வராது என்று காட்ட அந்த மணிதான் உதவும். ஃபார்ம் 29-ஐ உங்கள் பங்குக்கு நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்து ரசீது வாங்குங்கள், 14 நாள் அவகாசம் இருக்கிறது, மறுநாளே போய்விடுவது நல்லது. அப்புறம் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக். அதைக் கிழித்து எடுத்து, பாங்கில் சொல்லி மூடிவிடுங்கள். போன மாதம் ஒரு வாசகர் கார் விற்று ஆறு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தார், வாளையார் டோலில் அவர் கணக்கிலிருந்து இன்னும் காசு போய்க்கொண்டிருக்கிறதாம்.